முதல் சாட்சி நம்பத்தக்கவர் அல்ல

கேஸ் போடுங்கள், தோழர். கட்டாயம் போடுங்கள். உங்கள் மேல் மோதிய லாரிக்காரன் நேற்று அனுப்பிய ஆள் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து உங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதை நானும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன். பழத்தைத் தின்னுங்கள். வெள்ளைத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். கை உடைந்தவனிடம் கையெழுத்துக் கேட்டு வருகிறான், அவனுடைய துணிச்சலைப் பாருங்கள்.

என் கேஸ் எப்படி நடந்தது என்று கேட்டீர்கள். நான் ஜெயித்தவன். ஜெயித்த கதையைச் சொல்வதற்குத்தான் எனக்கு வாய் வரவில்லை.

தோழர் என்று கூப்பிடுவது நாற்பத்தொரு வருடப் பழக்கம். பிடிக்காவிட்டால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். மாற்றிக்கொள்ள மாட்டேன்.

என் பெயர் அர்த்தநாரி. பள்ளிபாளையம். விசைத்தறித் தொழிலாளர் சங்கம் என்று விசாரித்தால் பழைய ஆட்களுக்கு என்னைத் தெரியும். புதிய ஆட்களுக்குச் சங்கத்தையே தெரியாது, அது வேறு கதை. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. மீதிப் படிப்பெல்லாம் நோட்டீஸ்தான். சுவரில் ஒட்டியது, டீக்கடை பெஞ்சில் கிடந்தது, வடை மடித்துக் கொடுத்தது, எல்லாவற்றையும் படிப்பேன். ஒரு நாள் நானே எழுத ஆரம்பித்தேன். இதுவரை எழுநூற்றுக்கு மேல் எழுதியிருக்கிறேன். மூன்று முறை உள்ளே போனேன். மூன்று முறையும் நோட்டீசுக்காகத்தான். போலீஸ்காரர்களைப் போல அக்கறையாக என் எழுத்தைப் படித்தவர்கள் கிடையாது.

விபத்து நடந்த அன்றும் என் கையில் நோட்டீஸ் கட்டு இருந்தது. காலை ஆறு மணி, ஷிப்டு மாறும் நேரம். பஸ் ஸ்டாப்பில் நின்று கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தனியார் பஸ்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. பின்னால் வந்தது ரோட்டை விட்டு இறங்கி என் மேல் ஏறியது. வலது தொடை. நோட்டீஸ் எல்லாம் காற்றில் பறந்து ரோடு முழுக்க விழுந்தது. என்னைத் தூக்க ஓடி வந்தவர்களில் ஒருவர் குனிந்து ஒன்றை எடுத்து, மடித்து, சட்டைப் பையில் வைத்ததைப் பார்த்தேன். அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு திருப்தி.

அரசாங்கக் காப்பீட்டு அட்டையில் முதல் ஆபரேஷன் நடந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. கால் ஒன்றரை அங்குலம் குட்டை. ஒரு வருடம் கழித்து இந்த ஆஸ்பத்திரி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், மறுபடியும் திறந்து, கம்பியை எடுத்து, எலும்பை நேராக்கி வைக்க வேண்டும், தள்ளிப் போட்டால் இடுப்பும் கெட்டுவிடும், அதற்கப்புறம் கட்டில்தான் என்று. இந்த ஆபரேஷனுக்கு அட்டை செல்லாது. அவர் சொன்ன தொகையை நானும் பாவாயியும் பத்து வருடம் தறி ஓட்டினாலும் பார்க்க முடியாது. பாவாயி என் மனைவி. அப்போதிருந்து எல்லாம் அந்த இழப்பீட்டு வழக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வழக்கு வந்தால் கால். வராவிட்டால் கட்டில். அவ்வளவு சுலபமான கணக்கு.

வக்கீல் சுகந்தி என்று ஒரு பெண். தறிக்காரர் மகள்தான். அவளுடைய அப்பா என் கூட்டங்களில் ஜமுக்காளம் விரித்தவர். கெட்டிக்காரப் பெண். வாய் கொஞ்சம் அதிகம். முதல் சண்டை மெடிக்கல் போர்டில் வந்தது. ஊனம் எத்தனை சதவீதம் என்று மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து பார்த்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். உங்களையும் அனுப்புவார்கள். போவதற்கு முன்னால் சுகந்தி சொன்னாள், "ஐயா, எப்பவும் போல ஊனிட்டு நடங்க. நடிக்க வேண்டாம். உள்ளதை மறைக்காம இருந்தாப் போதும்."

நான் போனேன். மூன்று பேரும் மேஜைக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தலை நிமிராமல், "நடங்க" என்றார். நாற்பது வருடமாக மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றவன் நான். முதலாளி, இன்ஸ்பெக்டர், லேபர் ஆபீசர், எவன் முன்னாலும் நான் குனிந்து நின்றதில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு நிமிர்ந்து நடந்தேன். உயிர் போய் உயிர் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. "பரவால்லியே" என்று சொல்லிப் பாதிக்கும் குறைவாக எழுதிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் சுகந்தி சான்றிதழைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயா, உங்க முதலாளி அந்த ரூமுக்குள்ள இல்லீங்க. உள்ள இருந்தது டாக்டருங்க."

சுவரில் சாத்தியிருந்த ஊன்றுகோலை நான் மறந்து வந்துவிட்டேன். பாவாயிதான் உள்ளே போய் எடுத்து வந்தாள்.

அது இருக்கட்டும். நடைபயணத்துக்கு வருகிறேன். வழக்கையே புரட்டிப் போட்டது அதுதான்.

ஆறு வருடமாகத் தறிக்கூலி உயரவில்லை. எங்கள் ஊரிலிருந்து கோட்டாட்சியர் அலுவலகம் வரை பதினெட்டு கிலோமீட்டர் நடந்து போய் மனுக் கொடுப்பது என்று சங்கம் முடிவு செய்தது. நோட்டீஸ் எழுதுகிற வேலை வழக்கம்போல எனக்கு. தலைமை என்று ஒரு பெயர் போட வேண்டும். புதிய செயலாளர் பெயரைப் போட்டால் நாற்பது பேர் வருவார்கள். என் பெயரைப் போட்டால் இருநூறு பேர் வருவார்கள். என் பெயரைப் போட்டேன். பெருமைக்காக இல்லை, கணக்குத்தான். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள்.

நடந்து முடிந்ததும் நன்றி நோட்டீஸ் ஒன்று அடித்தோம். அதுவும் நான் எழுதியதுதான். அதில் ஒரு வரி. இப்போதும் எனக்கு மனப்பாடம். "தனியார் பேருந்தின் சக்கரத்தில் நொறுங்கிய காலோடு, பதினெட்டு கிலோமீட்டரும் ஊன்றுகோலின்றி முன்வரிசையில் நடந்து வந்த தோழர் அர்த்தநாரியின் உறுதி கண்டு ஆளும் கூட்டம் அதிர்ந்தது." நன்றாக இருக்கிறது இல்லையா? என்னைப் பற்றி நானே எழுதிக்கொண்டது என்று நினைக்காதீர்கள். அது என்னைப் பற்றியது இல்லை. உறுதியைப் பற்றியது.

நோட்டீசில் எழுதினால் அதற்கு ஒரு மரியாதை வேண்டும். ஒவ்வொரு நோட்டீசிலும் பின்பக்கம் கீழே அச்சகத்தின் பெயரும் என் பெயரும் இருக்கும். ஓடி ஒளிகிறவன் எழுதியது இல்லை என்று அர்த்தம். அந்த நோட்டீசை ஒருவன் எடுத்துக்கொண்டு போய் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலிடம் கொடுத்திருக்கிறான். எவன் என்று எனக்குத் தெரியும். சொல்லி என்ன ஆகப் போகிறது.

வழக்கு விசாரணைக்கு வந்தது. மனுதாரர் நான், அதனால் முதல் சாட்சி நான். இரண்டாவது சாட்சி பாவாயி. விபத்து நடந்த நாளிலிருந்து என்னைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, பார்த்துக்கொண்டது அவள்தான் என்று சொல்வதற்காகச் சுகந்தி அவள் பெயரைச் சேர்த்திருந்தாள். அதற்கு மட்டும்தான்.

இன்சூரன்ஸ் வக்கீல் கத்துவான், மேஜையைத் தட்டுவான் என்று எதிர்பார்த்துப் போனேன். அந்த ஆள் அப்படி இல்லை. வெள்ளைமுடி, மெதுவான பேச்சு. மனுதாரரே என்று கூப்பிடவில்லை, பெரியவரே என்றும் கூப்பிடவில்லை. "தோழர்" என்றான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நோட்டீசை எடுத்தான். முழுசாகப் படித்தான். தோழர், நான் எழுதியதை ஒருவன் நிறுத்தி நிதானமாக, இடம் பார்த்து மூச்சு விட்டுப் படித்து அன்றுதான் கேட்டேன். எங்கள் செயலாளருக்கு அப்படிப் படிக்க வராது.

"இதை எழுதினது யாருங்க, தோழர்?"

"நான்தான்."

"நல்லா எழுதியிருக்கீங்க. இதுல இருக்கிறது உண்மைதானுங்களே?"

"என் நோட்டீசில் பொய் இருக்காது."

"அப்படீன்னா பதினெட்டு கிலோமீட்டரும் நடந்தீங்க."

சுகந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீதிபதி இளம் வயசு, கண்ணாடி போட்டவர். டைப் அடிக்கிற அம்மாவின் கை நின்றது. "யோசிச்சுச் சொல்லுங்க பெரியவரே" என்றார் நீதிபதி.

யோசிக்க என்ன இருக்கிறது? இல்லை என்று சொன்னால் கால் கிடைக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த ஒரு வரி பொய் என்றால் நாளைக்கு முதலாளி கேட்பான், கூலியில் பிடித்தம் செய்கிறார்கள் என்று எழுதினாயே, அதுவும் பொய்தானா? தறிக்கூடத்துக் கூரை இடிந்து இரண்டு பேர் செத்தார்கள் என்று எழுதினாயே, அதுவும்? எழுநூறு நோட்டீசும் ஒரே நாளில் வடை மடிக்கிற காகிதமாகிவிடும்.

"நடந்தேன்" என்றேன்.

"ஊன்றுகோல் இல்லாம?"

"கொடிக்கம்பைத் தவிர என் கையில் வேறு எதுவும் இல்லை."

டைப் அடித்துக்கொண்டார்கள். இன்சூரன்ஸ் வக்கீல் ஒரு போட்டோவையும் எடுத்து நீட்டினான். பத்திரிகையில் வந்த படம். ஸ்டூடியோவில் சொல்லிப் பெரிதாக்கிப் பளபளவென்று கொண்டுவந்திருந்தான். முன்வரிசையில் பேனருக்குப் பின்னால், கொடியோடு, நிமிர்ந்து, நான். அதே படம் சங்க அலுவலகத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. மாட்டச் சொன்னதும் நான்தான். அடையாளம் காட்டச் சொன்னான், காட்டினேன். அவர்கள் தரப்புச் சான்றாவணம் என்று நம்பர் போட்டு வாங்கிக்கொண்டார்கள். சாப்பாட்டுக்கு எழுந்தார்கள்.

கோர்ட் வளாகத்தில் ஒரு சிமெண்டுப் பெஞ்சு. பாவாயி தூக்குப்போசியைத் திறந்து தயிர்ச்சோறு எடுத்து வைத்தாள். சாட்சி என்பதால் அதுவரை அவளை வெளியே நிறுத்தியிருந்தார்கள், உள்ளே நடந்தது ஒன்றும் தெரியாது. நான்தான் சொன்னேன். "நடந்தேன் என்று சொல்லியிருக்கிறேன். உன்னைக் கேட்டால் நீயும் அதையே சொல்."

அவள் "ஊறுகா வெக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

இதையும் கேளுங்கள். நாற்பது வருடத்தில் அவள் என் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியதில்லை. ஒரு தடவை கூட இல்லை. அதனால்தான் நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

மத்தியானம் கூண்டில் ஏறினாள். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். அவளைப் பார்த்தால் இன்சூரன்ஸ் வக்கீலுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டான். "உங்க வீட்டுக்காரர் நடைபயணத்துல நடந்தாருங்களா, அம்மா?"

"நடக்கலீங்க."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், தோழர். பஸ் போய்விட்டதா என்று கேட்டால் சொல்வது போல.

வக்கீல் சிரித்தான். "கேஸுக்காகச் சொல்றீங்களா?"

"பொறப்படறப்ப கொடியப் புடிச்சு நாலு எட்டு வெச்சாருங்க. மொகம் வேத்துப் போச்சுங்க. நானும் இன்னும் ரெண்டு பொம்பளைங்களும் தூக்கிக் குட்டியானை வண்டியில ஏத்துனமுங்க. தண்ணிக் கேனுங்க ஏத்தியிருந்த வண்டிங்க. கேனு மேல கால நீட்டிட்டுத்தான் வந்தாரு. ஆபீசுக்குக் கொஞ்சம் முன்னால, போட்டோக்காரரு நிக்கறாருன்னு சொன்னாங்க. எறக்குன்னு சொன்னாருங்க. எறக்குனோம்."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப உங்க வீட்டுக்காரர் நோட்டீசுல எழுதினது பொய்யுங்களா?"

"நோட்டீசுல என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. எனக்குப் படிக்க வராது. காலு எப்படி இருக்குதுன்னு தெரியுமுங்க."

வக்கீல் போட்டோவை எடுத்து அவள் முன்னால் பிடித்தான். இப்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது. "இதைப் பாருங்க. தனியா, நேரா நிக்கறாரு. தாங்கிப் புடிக்க ஒருத்தரும் இல்லையே? நீங்க எங்க இருக்கீங்க இதுல?"

அவள் படத்தை வாங்கி உற்றுப் பார்த்தாள். அப்புறம் விரலை வைத்தாள். "இங்கிருக்கறனுங்களே. இவரு இடுப்புக்கிட்டப் பாருங்க. ஒரு கை தெரியும். பின்னால குனிஞ்சு நின்னு சட்டையோட சேத்துப் புடிச்சிருக்கறனுங்க. விட்டா விழுந்திருவாரு." கையை நீட்டி வளையலைக் காட்டினாள். தார் சுற்றும்போது, அதாவது தறிக்குக் குச்சியில் நூல் ஏற்றும்போது, வளையல் மணிக்கட்டுக்கு இறங்கி இடைஞ்சல் செய்யும் என்று அவள் அதில் ஊடைநூலைச் சுற்றி வைத்திருப்பாள். எப்போதும் அப்படித்தான். "நூல் சுத்துன வளையலுங்க. இதேதானுங்க அது."

நீதிபதி படத்தை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

அந்தப் படம் சங்க அலுவலகச் சுவரில் ஒன்றரை வருடமாகத் தொங்குகிறது, தோழர். தினமும் அதற்குக் கீழேதான் உட்கார்ந்து எழுதுவேன். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். அந்தக் கையை நான் பார்த்ததே இல்லை.

பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாமலா இருக்கும் என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் படத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன்.

தீர்ப்பு வந்தது. கேட்டதில் முக்கால் பங்கு கொடுத்தார்கள். மறுபடியும் டாக்டர்களை வைத்துச் சோதித்து, ஊனச் சதவீதத்தையும் ஏற்றினார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் அப்பீல் போகவில்லை. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஆபரேஷன் முடிந்தது, கால் நேராகிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். எல்லோரும் என்னைப் பார்த்து நல்லதாகப் போயிற்று என்கிறார்கள். தீர்ப்பை நான் ஒருவன்தான் முழுசாகப் படித்தேன். ஏழாவது பக்கம். "முதல் சாட்சி தன் உடல் நிலை குறித்து மிகைப்படுத்திக் கூறும் இயல்புடையவர் என்பதால் இந்த அம்சத்தில் அவர் நம்பத்தக்கவர் அல்ல. இரண்டாம் சாட்சியின் சாட்சியம் இயல்பானது, ஏற்கத்தக்கது." முத்திரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று முறை ஜெயிலுக்கு அனுப்பியபோதுகூட என்னை இப்படி எழுதியதில்லை. சட்டவிரோதமானவன் என்று எழுதினார்கள். பொய்யன் என்று எழுதவில்லை.

அன்றிலிருந்து பாவாயியோடு நான் பேசுவதில்லை. ஐந்து மாதம். வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, அது அவள் பாடு. பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் காட்டுவாள். இங்கே நர்சிடம் காட்டுகிறாள். முந்தாநாள் உங்களிடம்கூடக் கொண்டுவந்தாளே, நீங்கள்தான் படித்துச் சொன்னீர்கள், வெந்நீர் என்று. என் கையெழுத்தைப் பாராட்டினீர்கள். நன்றி.

கற்றுக்கொடுத்திருக்கலாமே என்கிறீர்களா? நேரம் எங்கே இருந்தது, தோழர். அறிவொளி வகுப்பு ஊர் முழுக்க நடத்தினேன். இருபத்தாறு பேர் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தது அவள்தான்.

பதினொரு மணி ஆகிவிட்டதா? வந்துவிடுவாள். காலையில் தார் சுற்றிவிட்டு, பாலத்தைத் தாண்டி பஸ் பிடித்து வருவாள். இந்த வராந்தாவில் நான் நாலு சுற்று நடக்க வேண்டும் என்று பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் சொன்னாள். ஒன்றரைச் சுற்றில் இங்கே உட்கார்ந்துவிட்டேன். உங்களோடு பேசியதில் மறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதோ, மாடிப்படியில் செருப்புச் சத்தம். அவளுடையதுதான். இடது செருப்பு வார் அறுந்து ஊக்குப் போட்டிருக்கிறாள். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

ஒரு உதவி செய்யுங்கள், தோழர். உங்களுக்கு வலது கைதானே உடைந்திருக்கிறது, இடது கை நன்றாக இருக்கிறது. என்னைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். அவள் வளைவு திரும்பும்போது நான் நின்றுகொண்டிருக்க வேண்டும். அப்படித்தான். மெதுவாக. அந்த நடைவண்டியைத் தள்ளி வையுங்கள், வேண்டாம். பின்னால் வந்து சட்டையோடு சேர்த்துப் பிடியுங்கள். இன்னும் கீழே, இடுப்புக்கிட்டே. விரல் முன்னால் தெரியக் கூடாது. நிற்கிறேன், பாருங்கள். நேராக இருக்கிறேனா?

வந்துவிட்டாள். தூக்குப்போசியை இந்தக் கைக்கு மாற்றிக்கொள்கிறாள்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தோழர். நேராக என் இடுப்பைத்தான் பார்க்கிறாள்.

விட்டுவிடாதீர்கள். அவள் வந்து பிடிக்கிற வரைக்கும் விட்டுவிடாதீர்கள்.